கரையை வெட்டாமல் வளையை அடைக்க முடியுமா?

செல்லூரில் தறி போட்டுக்கொண்டிருந்த என் சித்தப்பா, மூன்று ஆண்டுகள் பழைய வேட்டித் துணியை நான்காக மடித்து உள்ளே வைத்துக்கொண்டே நடமாடினார். சித்திக்கே நெடுநாள் தெரியாது. தன் துணியைத் தானே துவைத்துக்கொள்ளத் தொடங்கிய கணவரைப் பார்த்து, தனக்கு முதுகுவலி என்பதால் உதவுகிறார் என்று அவர் நினைத்திருந்தார். ஒருநாள் கொடியில் காய்ந்த துணியில் போகாத மஞ்சள் கறையைப் பார்த்த பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. ஆசனவாய்க்குப் பக்கத்தில் ஒரு சின்னத் துளை. அதிலிருந்து ஓயாமல் கசியும் சீழ். பெயர், பவுத்திரம்.

அந்தப் பெயர் மதுரையில் யாருக்கும் புதிதல்ல. மாட்டுத்தாவணியிலோ ஆரப்பாளையத்திலோ பஸ்ஸுக்குக் காத்து நின்றவர்கள் எல்லோரும் கழிப்பறைச் சுவரில் அதைப் படித்திருப்பார்கள்: ‘மூலம், பவுத்திரம், ஆபரேஷன் இல்லாமல் குணமாக்கப்படும்.’ இரண்டு சொற்களும் எப்போதும் சேர்ந்தே அச்சாவதால் இரண்டும் ஒரே நோயின் இரண்டு பெயர்கள் என்று பலர் நம்பிவிட்டார்கள். சித்தப்பாவும் நம்பினார், மூலத்துக்கான களிம்பை ஒரு வருடம் தடவினார். மூலம் என்பது ஆசனவாயின் உட்பக்கம் இயல்பாகவே இருக்கும் இரத்தக்குழாய் மெத்தைகள் வீங்கித் தொங்குவது. பவுத்திரம் வேறு. அது உடம்புக்குள் ஓடும் ஒரு சுரங்கம். ஒரு முனை குடலின் கடைசிப் பகுதிக்குள், மறுமுனை வெளித்தோலில். சுரங்கத்தின் வெளிவாயில் எத்தனை களிம்பு தடவினாலும் உள்வாய்க்கு அது போய்ச் சேராது.

சுரங்கம் எப்படி உண்டாகிறது? ஆசனவாய்க் குழாய் ஏறக்குறைய நான்கு சென்டிமீட்டர் நீளம். அதன் நடுவில் பற்கள் போல மடிப்பு மடிப்பாக ஒரு வளையக் கோடு இருக்கிறது. அந்த மடிப்புகளின் அடியில் சின்னஞ்சிறு சுரப்பிகள் வாய்திறந்திருக்கின்றன. வழவழப்பான நீரைச் சுரப்பது அவற்றின் வேலை. அவற்றில் ஒன்றின் வாய் அடைபட்டுக் கிருமி தங்கிவிட்டால், உள்ளே சீழ் கோக்கும். சுரப்பியின் வேர் தசைகளுக்கு இடையில் இருப்பதால் சீழும் தசைகளுக்கு இடையிலேயே தேங்கும். பிறகு இளகிய வழி பார்த்து இறங்கி, ஆசனவாயின் ஓரத்தில் கட்டியாகப் புடைக்கும். நம் வீடுகளில் இதற்குச் சூட்டுக்கட்டி என்று பெயர் வைத்து, தலைக்கு நல்லெண்ணெய் தேய்த்து, ஊறவைத்த வெந்தயம் விழுங்கக் கொடுத்து அனுப்பிவிடுகிறோம். கட்டி ஒருநாள் உடைகிறது. வலி போய்விடுகிறது. குணமாகிவிட்டது என்று எல்லோரும் நிம்மதி அடைகிறார்கள். ஆனால் இத்தகைய கட்டிகளில் மூன்றில் ஒரு பங்கோ அதற்கு மேலோ முழுதாக ஆறுவதில்லை. சீழ் வந்த வழியே நிலையான பாதையாகிவிடுகிறது.

இதைத் தமிழ் எப்போதோ சரியாகப் பார்த்திருக்கிறது. புரை என்றால் உள்துளை; புரையோடிய புண் என்றால் மேலே சின்ன வாயும் உள்ளே நீண்ட பொந்துமாக ஆறாமல் கிடக்கும் புண். இன்று அந்தச் சொல்லை ஊழலோடு சேர்த்தே செய்தித்தாள்களில் பார்க்கிறோம். அது முதலில் உடம்பைப் பற்றிய சொல்.

இனி தசை. பவுத்திரத்தின் சிக்கல் முழுவதும் அங்கேதான் இருக்கிறது. ஆசனவாயைச் சுற்றி இரண்டு வளையங்கள் உள்ளன. உட்சுருக்குத்தசை நம் விருப்பத்தைக் கேட்காமல், தூங்கும்போதும் இறுகியே இருக்கும். வெளிச்சுருக்குத்தசை நம் சொல் கேட்கும்; பஸ்ஸில் போகும்போது அவசரம் வந்தால் அடக்கிக்கொள்ள உதவுவது அது. மலத்தையும் வாயுவையும் நாம் வேண்டும்போது வேண்டிய இடத்தில் மட்டும் வெளியேற்றுகிறோம் என்ற மானம் இந்த இரண்டு வளையங்களில் நிற்கிறது. லண்டனின் செயின்ட் மார்க்ஸ் மருத்துவமனையில் ஆலன் பார்க்ஸும் அவருடன் இருந்த மருத்துவர்களும் 400 நோயாளிகளை ஆராய்ந்து 1976-ல் வெளியிட்ட வகைப்பாட்டைத்தான் இன்றும் உலகம் முழுவதும் பின்பற்றுகிறார்கள். அந்த வகைப்பாடு கேட்பது ஒரே கேள்வி: சுரங்கம் இந்தத் தசைகளை எங்கே, எப்படிக் கடக்கிறது?

இரண்டு வளையங்களுக்கும் நடுவே இறங்கி, அல்லது தசையின் அடிநுனியை மட்டும் தொட்டு வெளியே வரும் பவுத்திரம் எளியது. அதன் மேல் கூரையை நீளவாக்கில் வெட்டித் திறந்துவிட்டால், சுரங்கம் வாய்க்காலாகி, அடியிலிருந்து சதை வளர்ந்து மூடிவிடும். பத்தில் ஒன்பது பேருக்கு மேல் குணமாவார்கள். இப்படிப்பட்ட பவுத்திரத்துக்கு இந்தக் கட்டுரையில் பின்னால் வரும் எந்தப் புதுப்பொருளும் தேவையில்லை. விலை உயர்ந்த எதையாவது யாராவது முன்வைத்தால் ஏன் என்று கேட்க வேண்டும்.

சிக்கலானது எது? வெளித்தசையின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் துளைத்துக்கொண்டு போவது. ஒன்றுக்கு மேற்பட்ட கிளைகள் உள்ளது. முன்பே அறுவை செய்தும் திரும்பி வந்தது. குடல் அழற்சி நோயான கிரோன் நோயாலோ காசநோயாலோ வந்தது. பெண்களுக்கு முன்பக்கம் வரும் பவுத்திரமும் இதில் சேரும். அந்தப் பக்கத்தில் தசை இயல்பிலேயே குட்டையானது. பிரசவத்தின்போது அது கிழிந்து தைக்கப்பட்டும் இருக்கலாம். இவர்களிடம் சுரங்கத்தை வெட்டித் திறப்பது என்றால் தசையையே வெட்டுவது. பவுத்திரம் குணமாகும், ஆனால் வாயு நிற்காது. சிலருக்கு மலமும் நிற்காது.

எங்கள் ஊர் மேலூர்ப் பக்கம். கண்மாய்க் கரையில் எலியோ நண்டோ வளை தோண்டி, வெளிச்சரிவில் தண்ணீர் கசியத் தொடங்கினால் என்ன செய்வார்கள் என்று சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். கரையை வெட்டி வளையைத் தேட யாரும் போகமாட்டார்கள். கண்மாய் நிறைந்திருக்கும்போது கரையை வெட்டினால் ஊர் போய்விடும். கசிகிற வெளிவாயை அடைப்பதாலும் பயனில்லை. தண்ணீர் பக்கத்தில் இன்னொரு வழி தேடிக்கொள்ளும். தெரிந்தவர் ஒருவர் தண்ணீருக்குள் இறங்கி, உள்கரையைக் காலால் தடவித் தடவி, இழுப்பு தெரிகிற இடத்தைக் கண்டுபிடிப்பார். அங்கேதான் வைக்கோல் பிரியும் களிமண்ணும் திணிக்கப்படும். உள்ளே இருக்கும் தண்ணீரின் அழுத்தமே அடைப்பை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும்.

சிக்கலான பவுத்திரத்தில் உயிரிப்பொருட்களை, அதாவது உடம்பு ஏற்றுக்கொள்ளும் பொருட்களை, வைத்துச் செய்யும் அறுவை சிகிச்சையின் தத்துவம் ஏறக்குறைய இதுதான். கரை என்பது தசை. வளையின் உள்வாயைக் கண்டுபிடித்து, அழுத்தம் அதிகமுள்ள உட்பக்கத்திலிருந்து அடைக்க வேண்டும். வெளிவாயைத் திறந்தே விட வேண்டும். மிச்சமிருக்கும் நீர் வடிய அதுதான் வழி. கண்மாய்க்கும் உடம்புக்கும் ஒரு வித்தியாசம்: கண்மாயில் திணித்த வைக்கோல் வைக்கோலாகவே கிடக்கும். உடம்பில் வைக்கும் பொருளோ சாரம் போல நின்று, நோயாளியின் சொந்தச் செல்கள் அதில் ஏறிக் குடியேறி, புதிய திசுவைக் கட்டி முடித்ததும் தான் கரைந்துபோக வேண்டும். கட்டடம் எழும்பியதும் சவுக்குக் கழிச் சாரத்தைக் கழற்றுகிறோமே, அதுபோல.

தசையைக் காப்பாற்றும் கவலை இன்று நேற்று வந்ததல்ல. பகந்திரம் என்று இந்நோயை விவரித்த சுஸ்ருதர் அதை ஐந்து வகையாகப் பிரித்தார். ஒன்று நூறு துளைச் சல்லடை போன்றது, ஒன்று ஒட்டகக் கழுத்து போன்றது, ஒன்று சங்கின் சுழி போன்றது. எம்.ஆர்.ஐ. படத்தில் கிளைவிட்டுச் சுழன்று ஓடும் பவுத்திரத்தைப் பார்த்தவர்களுக்கு அந்த உவமைகளின் துல்லியம் புரியும். கிரேக்கத்தில் ஹிப்போகிரேட்டஸின் மரபினர் குதிரைமயிரோடு முறுக்கிய நூலைத் துளைக்குள் கோத்துக் கட்டினார்கள். நம் நாட்டில் அந்த நூலுக்குக் காரம் ஏற்றினார்கள். இலைக்கள்ளிப் பால் பதினொரு பூச்சு, அதோடு நாயுருவிச் சாம்பலின் காரம் ஏழு பூச்சு, கடைசியில் மஞ்சள் மூன்று பூச்சு என மொத்தம் இருபத்தொரு பூச்சு ஏறிய நூல், வாரந்தோறும் மாற்றப்பட்டு, திசுவை மெல்ல அறுத்துக்கொண்டே வரும். பின்னாலேயே புண் ஆறிக்கொண்டே வரும். தமிழ்நாட்டில் சித்த மருத்துவர்கள் கார நூல் என்று சொல்வது இந்த முறையைத்தான். இதை மரபு என்று வணங்கி ஒதுக்கிவைக்காமல், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் பல மையங்களில் சோதனைக்கு உட்படுத்தி 1991-ல் முடிவை வெளியிட்டது. அறுவை சிகிச்சையில் 11 சதவீதம் பேருக்கு நோய் திரும்பியது. கார நூலில் 4 சதவீதம் பேருக்கு. ஆனால் ஆறுவதற்கு அறுவையில் நான்கு வாரம், நூலில் எட்டு வாரம் பிடித்தது. நான் இந்த ஆய்வை மதிக்கிறேன். அதே சமயம், கார நூலும் முடிவில் தசையை அறுத்துத்தான் வெளியே வருகிறது என்பதை மறைக்கக் கூடாது. மெதுவாக அறுப்பதால் அறுபட்ட முனைகள் விலகி ஓடாமல் தழும்பால் பிணைந்துகொள்கின்றன என்பது அதன் பலம். சுரங்கம் மிக உயரத்தில் தசையைக் கடக்கும்போது அந்தப் பலத்துக்கும் எல்லை உண்டு.

வெட்டாமலே மூடும் முயற்சியில் முதலில் வந்தது ஃபைப்ரின் பசை. காயம்பட்ட இடத்தில் நம் இரத்தம் உறைவது எப்படியோ அப்படியேதான் இதுவும். ஃபைப்ரினோஜன் ஒரு ஊசிக்குழலில், த்ராம்பின் இன்னொன்றில். சுரங்கத்துக்குள் இரண்டும் கலந்ததும் கூழ் போல உறைந்துவிடும். 1990-களில் இதன்மீது பெரிய நம்பிக்கை இருந்தது. வெட்டு இல்லை, வலி இல்லை, அன்றே வீட்டுக்குப் போகலாம். சில இடங்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்குக் குணமானது. சில இடங்களில் கால்வாசிப் பேருக்குக்கூட ஆகவில்லை. காரணம் எளியது. முக்கும்போது பசை கட்டியாக வெளியே வந்துவிடும்; தங்கினாலும், உடம்பு புதுத் திசு கட்டி முடிக்கும் முன்பே இரண்டொரு வாரத்தில் கரைந்துவிடும்.

பசையைவிட உறுதியான, மெதுவாகக் கரையும் சாரம் வேண்டும் என்று தேடியபோது கிடைத்தது பன்றியின் சிறுகுடல். அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்தில் ஸ்டீபன் படிலாக் என்ற ஆராய்ச்சியாளரும் அவர் குழுவினரும் 1980-களின் பிற்பகுதியில், பன்றிச் சிறுகுடலின் நடு அடுக்கை எடுத்து, அதிலிருந்த செல்களை எல்லாம் கழுவி அகற்றி, கொலாஜன் என்ற புரதத்தின் இழைவலையை மட்டும் மிச்சம் வைத்தார்கள். செல் இல்லாததால் அந்நியப் பொருள் என்று உடம்பு கடுமையாக எதிர்ப்பதில்லை. இழைவலைக்குள் இரத்தக்குழாய்கள் நுழைகின்றன, செல்கள் குடியேறுகின்றன. அந்தத் தாளைச் சுருட்டி, ஒரு முனை பருத்தும் மறுமுனை மெலிந்தும் கூம்பாகச் செய்தால், அதுதான் ஃபிஸ்டுலா பிளக், அதாவது பவுத்திரத்துக்கான அடைப்பான்.

அறுவை அரங்கில் அதை வைக்கும் விதத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வெற்றி தோல்வி பெரும்பாலும் இந்தச் சின்ன விஷயங்களில்தான் இருக்கிறது. முதலில் சுரங்கத்தை ஹைட்ரஜன் பெராக்சைடால் கழுவி, உள்ளே படிந்த அழுகலைச் சுரண்டி எடுப்பார்கள். காய்ந்த பிளக்கை உப்புநீரில் சிறிது நேரம் ஊறவைப்பார்கள். மெலிந்த முனையில் நூல் கட்டி, உள்வாய் வழியாக வெளிவாய்க்கு இழுப்பார்கள். பருத்த முனை உள்வாயில் சிக்கி இறுகும். மிச்சத்தை நறுக்கிவிட்டு, கரையும் தையலால் உட்சுருக்குத்தசையோடு சேர்த்துத் தைத்து, மேலே சளிச்சவ்வை இழுத்து மூடுவார்கள். வெளிமுனையைத் தைப்பதில்லை. ஒரு தசை நாரும் வெட்டப்படுவதில்லை. அடுத்த இரண்டு வாரம் பாரம் தூக்கக் கூடாது, முக்கக் கூடாது, தாம்பத்தியம் கூடாது. பிளக் பிடுங்கிக்கொண்டு வெளியே வருவது பெரும்பாலும் இந்த நாட்களில்தான்.

2006-ல் அமெரிக்காவிலிருந்து வந்த முதல் ஒப்பீட்டில் 25 நோயாளிகள்தான் இருந்தார்கள். பசை போட்டவர்களில் 40 சதவீதம் பேருக்கும் பிளக் வைத்தவர்களில் 87 சதவீதம் பேருக்கும் சுரங்கம் மூடியது. அந்த எண் உலகத்தையே கிளர்ந்தெழச் செய்தது. பிறகு வேறு வேறு நாடுகளில், வேறு வேறு கைகளில் செய்து பார்த்தபோது எண் இறங்கிக்கொண்டே வந்தது. கடைசியில் பிரிட்டனில் 304 நோயாளிகளை வைத்து ஒரு பெரிய சோதனை நடந்தது. ஒரு பாதிக்குப் பிளக்; மறுபாதிக்கு அந்தந்த அறுவை மருத்துவர் தனக்குச் சரியென்று பட்ட வேறு முறை. ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் பிளக்கில் 54 சதவீதம், மற்ற முறைகளில் 55 சதவீதம். ஏறக்குறைய ஒன்றே.

பன்றித்தோலிலிருந்து எடுத்த கொலாஜனைப் பசை வடிவில் செலுத்தும் முறையை ஐரோப்பாவில் நூறு பேரிடம் சோதித்தபோதும் ஒரு வருட முடிவில் பாதியைச் சற்றே தாண்டிய அளவில்தான் குணம் நின்றது. விலங்குப் பொருளே இல்லாமல், கரையும் செயற்கை இழையால் செய்த பிளக்கும் உண்டு. ஒரு சின்னத் தட்டிலிருந்து ஆறு கால்கள் நீளும், சுரங்கத்தின் அகலத்துக்கு ஏற்ப வேண்டாத கால்களை வெட்டிவிடலாம். கொழுப்புத் திசுவிலிருந்து எடுத்த தண்டுச் செல்களை (ஸ்டெம் செல்) கிரோன் நோய்ப் பவுத்திரத்தில் செலுத்தும் சிகிச்சையின் கதை இன்னும் வருத்தம் தருவது. 212 பேரிடம் நடந்த சோதனையில், செல் பெற்றவர்களில் பாதிப் பேருக்கும் பெறாதவர்களில் மூன்றில் ஒரு பங்கினருக்கும் பலன் கிடைத்தது. 2018-ல் ஐரோப்பாவில் அனுமதி கிடைத்தது. ஆனால் இரண்டாவது பெரிய சோதனையில் அந்த வித்தியாசம் நிரூபணமாகவில்லை. 2024 இறுதியில் அந்த மருந்து ஐரோப்பியச் சந்தையிலிருந்து விலக்கிக்கொள்ளப்பட்டது.

பாதிக்குப் பாதி என்றால், இத்தனை செலவும் உழைப்பும் எதற்கு என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. சித்தப்பாவோடு உட்கார்ந்திருந்தபோது, அவருக்குச் சிகிச்சை செய்த அறுவை மருத்துவரிடம் நான் இதைக் கேட்டேன். அவர் குணமாகும் சதவீதத்தைப் பற்றிப் பேசவே இல்லை. “தம்பி, தோற்றால் என்ன ஆகும் என்பதை முதலில் கேளுங்கள்” என்றார். தசையை வெட்டும் அறுவை வெற்றி பெற்றாலும் கட்டுப்பாடு போகலாம். தோற்றால் பவுத்திரமும் இருக்கும், கட்டுப்பாடும் போயிருக்கும். பிளக் தோற்றால், சிலருக்கு மறுபடி சீழ் கட்டலாம், அதை வடிக்க வேண்டியிருக்கும். ஆனால் தசை அப்படியே இருக்கும். நோயாளி வந்த இடத்துக்கே திரும்புகிறார், அதற்குக் கீழே போவதில்லை. அடுத்த முயற்சிக்கான கதவு மூடவில்லை. பல நாட்கள் அந்த வாக்கியத்தை யோசித்துப் பார்த்தேன். உயிரிப்பொருட்களின் மதிப்பைச் சதவீதத்தில் மட்டும் அளப்பது தவறு என்று இப்போது உறுதியாக நம்புகிறேன். ஐம்பது சதவீத வாய்ப்பு என்பது, மலத்தை அடக்கும் திறனைப் பணயம் வைக்காமல் கிடைக்கிறது என்றால், அது அற்பமானது அல்ல. ஆனால் அந்த ஐம்பதை நோயாளியிடம் மறைத்துவிட்டு, லேசர், பிளக், ஒரே நாளில் நிரந்தரக் குணம் என்று விளம்பரம் செய்வது நம்பி வந்தவரை ஏமாற்றுவதுதான்.

பிளக்கை அப்படியே கைவிடாமல் வேறோர் அறுவையோடு இணைக்கும் வழியும் வந்திருக்கிறது. பாங்காக்கில் அருண் ரோஜனசகுல் 2007-ல் வெளியிட்ட முறை அது. இரண்டு வளையங்களுக்கும் நடுவே உள்ள இடைவெளியில் ஒரு சின்னக் கீறல் போட்டு, அங்கே குறுக்கிடும் சுரங்கத்தைக் கட்டித் துண்டிக்க வேண்டும். தசையைத் தொட வேண்டியதே இல்லை. மருத்துவர்கள் இதை லிஃப்ட் என்கிறார்கள். இப்படித் துண்டித்த பிறகு, வெளித்தசைக்குள் மிஞ்சியிருக்கும் சுரங்கத் துண்டில் பிளக்கை வைத்தால் என்ன என்று சீனாவில் 200-க்கும் மேற்பட்டவர்களிடம் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். லிஃப்ட் மட்டும் செய்தவர்களைவிட, பிளக்கும் சேர்த்து வைத்தவர்களுக்கு ஆறு மாதத்தில் குணம் அதிகமாகவும் சீக்கிரமாகவும் வந்தது. உள்வாயை ஒருவர் மூட, உள்ளிருக்கும் பொந்தை இன்னொருவர் நிரப்புவது போன்ற இந்தப் பங்கீடு எனக்கு நியாயமாகப் படுகிறது. தனியாக நின்று எல்லாவற்றையும் செய்ய வேண்டும் என்று பிளக்கிடம் எதிர்பார்த்ததுதான் தவறோ என்னவோ.

எந்தப் பொருளை வைப்பது என்பதற்கு முன்னால் மூன்று காரியங்கள் நடந்தாக வேண்டும். இவற்றைத் தாவிக் குதித்த இடங்களில்தான் தோல்வி குவிகிறது என்பது என் எண்ணம். எம்.ஆர்.ஐ. படம் முதலாவது. விரலால் தொட்டும் கம்பி விட்டும் பார்த்தால் தெரியாத கிளைகள் அதில் தெரியும். சித்தப்பாவுக்கு முதலில் ஒரு சின்ன இடத்தில் வெளிவாயை மட்டும் கீறி அனுப்பிவிட்டார்கள், படம் எடுத்தபோது குதிரை லாடம் போல மறுபக்கம் வரை ஒரு கிளை ஓடியிருந்தது. அடுத்தது வடிகால். சீழ் தேங்கியிருக்கும் வளையில் எதைத் திணித்தாலும் நிற்காது. அதனால் சுரங்கத்தில் ஒரு தளர்ந்த நூலைக் கோத்து, ஆறிலிருந்து பன்னிரண்டு வாரம் வரை வைத்திருந்து, உள்ளே முழுதாக வடிந்து பாதை சுருங்கிய பிறகே பிளக் பற்றிப் பேச வேண்டும். இந்த நூல் அறுப்பதற்கு அல்ல, வாய் மூடாமல் காப்பதற்கு. இரண்டு மாதம் ஒரு நூலோடு நடப்பது நோயாளிக்குச் சலிப்பு தரும். “நாலு காசு பார்க்கும் மருத்துவர் இழுத்தடிக்கிறார்” என்று உறவினர்கள் சொல்வார்கள். இழுத்தடிப்பு அல்ல, அதுவே சிகிச்சை.

மூன்றாவது காசநோய்ச் சோதனை. நம் நாட்டில் இதை விடவே கூடாது. ஆசனவாயில் வரும் காசநோய்க்கு இருமல் இருக்க வேண்டும் என்பதில்லை. அறுவையில் சுரண்டி எடுத்த திசுவைக் குப்பையில் போடாமல் ஆய்வகத்துக்கு அனுப்பினால், காசநோய்க் கிருமியின் மரபணுவைச் சில மணி நேரத்தில் கண்டுபிடிக்கும் சோதனை இன்று அரசு மருத்துவமனைகளிலேயே செய்கிறார்கள். காசநோய் என்று தெரிந்தால் ஆறு மாத மாத்திரை, அதுவும் இலவசம். அது தெரியாமல் எத்தனை பிளக் வைத்தாலும் பவுத்திரம் திரும்பத் திரும்ப வாய்திறக்கும்.

பிளக்கைப் பற்றி நோயாளியிடம் சொல்லியே ஆக வேண்டிய ஒன்று, அது எந்த உயிரிலிருந்து வந்தது என்பது. கோரிப்பாளையம் தர்காவைச் சுற்றி வாழும் இஸ்லாமியக் குடும்பங்களுக்கும், மாசி வீதிகளில் சைவ உணவைத் தவிர வேறறியாத குடும்பங்களுக்கும் பன்றிக் குடல் என்பது வெறும் தொழில்நுட்ப விவரம் அல்ல. சில பசைகளில் மாட்டிலிருந்து எடுத்த புரதமும் கலந்திருக்கும். உயிரைக் காக்கும் அவசரம் என்றால் ஒரு பேச்சு. இங்கே வேறு வழிகள் இருக்கின்றன. செயற்கை இழைப் பிளக் இருக்கிறது, எந்தப் பொருளும் வைக்காத லிஃப்ட் இருக்கிறது, நோயாளியின் சொந்த இரத்தத்திலிருந்து தட்டணுக்களைப் பிரித்தெடுத்துச் செலுத்தும் முறையும் முயன்று பார்க்கப்படுகிறது. ஆகவே முன்கூட்டியே, அவருக்குப் புரியும் தமிழில் சொல்லி, அவர் சம்மதத்தைக் கேட்க வேண்டும். ஒப்புதல் படிவத்தின் நான்காம் பக்கத்தில் ஆங்கிலத்தில் இருப்பது சம்மதம் ஆகாது.

விலைக்கு வருவோம். இறக்குமதியாகும் ஒரு பிளக்கின் விலை பத்தாயிரங்களில் போகிறது. தறியில் நாள் கூலி வாங்கும் ஒருவரிடம், பாதி வாய்ப்புள்ள ஒன்றுக்கு இத்தனை பணம் கட்டுங்கள் என்று எந்த முகத்தோடு சொல்வது? முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை இருப்பவர்கள், அறுவைக்கு மட்டுமல்ல, வைக்கப்போகும் பொருளுக்கும் அனுமதி உண்டா என்று முன்பே கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது. மதுரை, தேனி, திண்டுக்கல், சிவகங்கை, இராமநாதபுரம், விருதுநகர் மாவட்டங்களிலிருந்து மக்கள் வந்து சேரும் இடம், 1940-ல் எர்ஸ்கின் ஆஸ்பத்திரியாகத் தொடங்கி இன்றும் ஊர்வாயில் பெரியாஸ்பத்திரியாகவே இருக்கும் அரசு இராஜாஜி மருத்துவமனை. எம்.ஆர்.ஐ. எடுக்கவும், சீழை வடித்து நூல் கோக்கவும், காசநோய் பார்க்கவும் இறக்குமதிப் பொருள் ஒன்றும் தேவையில்லை. முன்சொன்ன மூன்று காரியங்களையும் அரசு மருத்துவமனையிலேயே முடித்துவிட முடியும்.

ஆனால் பொருளின் விலையை விதி என்று ஏற்றுக்கொள்ளும் ஊர் அல்ல இது. கண்ணில் விழுவதையும் நாம் புரை என்றுதான் சொல்கிறோம். கண்புரையை அகற்றிவிட்டு வைக்கும் லென்ஸும் ஒரு உயிரிப்பொருள்தான். உடம்புக்குள் காலமெல்லாம் இருந்தும் உடம்போடு சண்டை போடாத பொருள். ஒரு காலத்தில் அது நூறு டாலர் அளவில் வெளிநாட்டிலிருந்து வந்தது. ஏழைகளுக்குத் தடித்த சோடாபுட்டிக் கண்ணாடிதான். 1992-ல் அரவிந்த் கண் மருத்துவமனையினர் ஆரோலேப் என்ற தொழிற்கூடத்தைத் தொடங்கி, அதே லென்ஸை மதுரையிலேயே பத்து டாலர் அளவுக்குச் செய்தார்கள். பிறகு இன்னும் குறைத்தார்கள். சிவகங்கை சாலையில் ஆரோலேப் இருக்கும் வீரபாஞ்சானைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு அது நினைவுக்கு வரும். பவுத்திரத்துக்கான சாரத்தைச் செய்யும் அறிவும் தொலைவில் இல்லை. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல் நிறுவனம், பன்றியின் பித்தப்பையிலிருந்து செல்களை அகற்றி எடுத்த இழைவலையைப் புண்ணாற்றும் பொருளாக உருவாக்கி, அதற்கு 2023-ல் நாட்டின் அனுமதியும் கிடைத்திருக்கிறது. அது பவுத்திரத்துக்கானது அல்ல, வெளிப்புண்ணுக்கானது. ஆனாலும் செல் நீக்கும் தொழில் நம் கைக்குப் பழகிவிட்டது என்பதற்கு அது சாட்சி. சென்னை அடையாற்றில் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் கொலாஜனைப் பல பத்தாண்டுகளாக ஆராய்ந்து வருகிறது. இரண்டு ஊருக்கும் நடுவில் மதுரை இருக்கிறது. லென்ஸுக்கும் பிளக்குக்கும் உள்ள வேறுபாட்டையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும்: லென்ஸ் வேலை செய்யும் என்பது உறுதியான பிறகு விலையைக் குறைத்தார்கள், பிளக் விஷயத்தில் விலையோடு சேர்த்துப் பொருளையும் மேம்படுத்த வேண்டியிருக்கிறது. கடினம்தான். விலை குறைந்தால்தான் நம் நோயாளிகளிடமே, நம் காசநோயையும் நம் வேலை முறையையும் கணக்கில் கொண்டு, பெரிய அளவில் சோதித்துப் பார்க்கவும் முடியும்.

சித்தப்பாவுக்கு ஒன்பது வாரம் நூல் இருந்தது. காசநோய் இல்லை என்று தெரிந்தது. பிளக்கின் விலையைக் கேட்டுவிட்டு, வேண்டாம் என்று அவரே சொன்னார், மருத்துவரும் வற்புறுத்தவில்லை. கிளையைத் தனியே திறந்து வடித்துவிட்டு, லிஃப்ட் முறையில் சுரங்கத்தைக் கட்டித் துண்டித்தார்கள். நான்காம் வாரத்தில் மறுபடி கசிந்தபோது வீடே கலங்கியது. சித்தப்பா மட்டும் கலங்கவில்லை. அடக்க முடிகிறது, அது போதும் என்றார். பத்தாம் வாரத்தில் கசிவு நின்றது. ஒரு வருடம் கழித்து எடுத்த படத்தில் சுரங்கம் இருந்த இடத்தில் வெறும் தழும்புக் கோடு.

மடித்து வைத்த வேட்டித் துணிகளில் மிஞ்சியவற்றைச் சித்தி தறிக்கு எண்ணெய் துடைக்க எடுத்துப் போட்டுவிட்டார். பக்கத்துத் தறிக்காரர் ஒருவர் போன மாதம் வந்து, சித்தப்பாவைத் தனியாகக் கூப்பிட்டு, அண்ணே, ஒரு விஷயம் கேட்க வேண்டும் என்று குரலைத் தாழ்த்தியிருக்கிறார். சித்தப்பா குரலைத் தாழ்த்தாமல், வாசலில் வைத்தே அவருக்கு எல்லாவற்றையும் விளக்கினாராம்.